சஸ்பென்ஷன், டயர், மைலேஜ்: பெங்களூரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

கார் வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஓட்டிய பிறகு, பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு இரண்டு ஆசை வந்துவிடுகிறது. வளைவில் வண்டி சாயக்கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் திரும்ப வேண்டும் என்பது ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோட்டைப் பிடித்து, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தோடு இறங்குகிறவர்களுக்கு அது நியாயமான ஆசைதான். மைலேஜ் கூட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே செலவில் முடித்துவிடலாம் என்று நம்பி ஜே.சி. ரோட்டுக்குப் போய், பெரிய அலாய் வீல், அகலமான டயர், தாழ்வான ஸ்பிரிங் என்று மாட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டுப் பிடிப்பும் மைலேஜும் டயருக்குள்ளேயே மல்லுக்கட்டுகிற இரண்டு குணங்கள். ஒன்றைக் கூட்டப்போனால் மற்றது பெரும்பாலும் குறையும். ஆனால் இரண்டும் சேர்ந்தே தேறுகிற இடம் ஒன்று உண்டு. தேய்ந்துபோனதைப் பழையபடி ஆக்குவதுதான் அது. காற்று, வீல் அலைன்மென்ட், புஷ் (பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர் என்று யாருமே மாடிஃபிகேஷன் என்று சொல்லாத வேலைகள். ஐந்து வருஷம் பெங்களூர்ப் பள்ளங்களில் ஓடிய வண்டிக்கு இவற்றைச் செய்தாலே, ஓட்டும்போது வித்தியாசம் கையில் தெரியும். ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, டயர் ரோட்டைத் தொடும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தரையில் படுவது எவ்வளவு?

ஆட்கள் ஏறிய ஒரு ஹேட்ச்பேக்கின் எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 325 கிலோ. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ தாங்கும். 325ஐ 2.25ஆல் வகுத்தால் 144 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் விரித்து வைத்த ஒரு கை அளவுதான் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிறது. பிரேக், வளைவு, வேகம் எல்லாமே அந்த நான்கு கையளவு இடத்தின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். சஸ்பென்ஷனின் முக்கியமான வேலை அந்த நான்கு இடமும் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது. பயணம் சொகுசாக இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், அதில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. மாறுவது வடிவம். ஒல்லி டயரின் தடம் குறுகலாக, முன்பின்னாக நீண்டிருக்கும். அகல டயரின் தடம் பக்கவாட்டில் பரந்து, நீளத்தில் குட்டையாக இருக்கும். இந்தக் குட்டைத் தடத்தால் வளைவில் ஸ்டீயரிங்குக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கிறது. அகல டயர்களுக்குப் பெரும்பாலும் மென்மையான ரப்பர் கலவையும் வருவதால், காய்ந்த ரோட்டில் பிடிப்பு கூடுகிறது. அந்தப் பெருமையில் பாதி ரப்பர் கலவைக்கு உரியது, அகலத்துக்கு அல்ல.

ஈரத்தில் கதை வேறு. அகல டயர் அதிகத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளி ஒதுக்க வேண்டும். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், தேய்ந்த டயரால் அது முடியாதபோது, டயர் தரையை விட்டு நீரின் மேல் ஏறிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். 1960களில் நாசா விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தது. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்று அதில் தெரிந்தது. அந்தச் சூத்திரத்தில் 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 94 கிலோமீட்டர் வருகிறது. 25 பி.எஸ்.ஐ.க்கு 83. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாவிட்டாலும் காட்டும் திசை சரிதான். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும் என்று சொல்லும் பழைய யோசனையை நெடுஞ்சாலையில் நம்பவே வேண்டாம்.

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதாவது 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். அளவை மாற்றும்போது இந்தக் கடைசி இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை. எடைக் குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் கீழே போகவே கூடாது.

இப்போது ஒரு கணக்கு. 185இல் 65 சதவீதம் ஏறக்குறைய 120 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், 240. ரிம் 15 அங்குலம், அதாவது 381. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ. அருகில். இதே காருக்கு 16 அங்குல ரிம்மில் 195/55 போட்டால், மொத்த விட்டம் மறுபடியும் 621தான் வரும். ரிம் பெரிதானது, பக்கச் சுவர் சிறிதானது, வெளிவட்டம் மாறவில்லை. முறையாக அளவு மாற்றுவது என்றால் இதுதான். ஆனால் அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647 ஆகிவிடும், அதாவது 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல். 2 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 3ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் முழுசாகத் திருப்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ டயர் மட்கார்டு லைனிங்கில் உரசும். ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும்.

மைலேஜ் பற்றிய பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. மீட்டருக்குத் தூரம் தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் கிலோமீட்டரைக் கணக்கிடுகிறது. அந்த 205/65 டயரைப் போட்டுக்கொண்டு மீட்டரில் 400 கிலோமீட்டர் ஓட்டினால், உண்மையில் ஓடியது 417. 25 லிட்டர் பெட்ரோல் போயிருந்தால் மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 16, உண்மைக் கணக்கில் 16.7. டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர் இந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்திருக்க மாட்டார். சின்ன டயர் போட்டவருக்கு நேர்மாறு, மைலேஜ் ஏறியதாகத் தோன்றும், ஆனால் ஏறியிருக்காது. டேங்க் ஃபுல் செய்து கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், அளவு மாற்றினால் தூரத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. டயர் எப்போது செய்யப்பட்டது என்பது நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அப்புறம், பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் இருப்பது 1.6 மி.மீ.தான், டயரை மாற்றியே ஆக வேண்டும். மழையில் ஓட்டும் வண்டிக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றச் சொல்வேன்.

டயர் எப்படிப் பெட்ரோல் குடிக்கிறது

டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி, அப்புறம் பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுக்க நாம் கொடுத்த சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை, ஒரு பங்கு ரப்பருக்குள் சூடாகப் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்திய வண்டியின் டயரைத் தொட்டால் சுடுவது வெயிலால் மட்டும் அல்ல, அந்தச் சூட்டில் நம் பெட்ரோலும் இருக்கிறது. இந்த உருளும் தடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் செலவு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை குறையும். டயரால் மைலேஜில் வரக்கூடிய லாபத்தின் அளவு இவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டர் ஏறும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

எளிதாக உருளும் ரப்பர் நசுங்கும்போது சக்தியை விழுங்காது. ஆனால் ஈரமான ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பிடித்துக்கொள்ள ரப்பர் கொஞ்சம் சக்தியை விழுங்கித்தான் ஆக வேண்டும். மல்லுக்கட்டு என்று சொன்னது இதைத்தான். 1992இல் மிஷெலின் நிறுவனம் கார்பன் கரிக்குப் பெரும்பகுதி பதிலாகச் சிலிக்காவைக் கலந்து டயர் கொண்டுவந்தபோது இந்தச் சண்டை ஓரளவு தணிந்தது. உருளும் தடை குறைந்தது, ஈரப் பிடிப்பும் போகவில்லை. இன்று நல்ல டயர்கள் பலவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கும் எரிசக்தித் திறன் அமைப்பு இப்போது டயருக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது, வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். ஒரே விலையில் ஒன்று மைலேஜுக்கும் இன்னொன்று ஈரப் பிடிப்புக்கும் பேர் வாங்கியது என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மே மாதத்துக் கோடைமழையில் ஒரு முறை சரியாக நின்ற பிரேக், வருஷம் முழுக்கச் சேமிக்கும் பெட்ரோலைவிடப் பெரியது.

மைலேஜுக்காகத்தான் செய்வேன் என்றால், காற்றில் தொடங்குங்கள். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மாதக் கணக்கில் காற்றே பார்க்காமல் ஓடும் வண்டியில் எட்டு பி.எஸ்.ஐ. குறைவது சாதாரணம். அந்த நிலையில் டயரின் இரு ஓரமும் தேயும், பக்கச் சுவர் சூடேறும், வளைவில் வண்டி மிதப்பது போல இருக்கும். அதிகமாக அடித்தால் நடுப்பகுதி தேயும், மோசமான ரோட்டில் டயர் துள்ளும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நான்கு பேர் சாமானோடு போவதற்குத் தனி அளவும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்சம், அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையைவிடக் குறைவு. காற்றழுத்தக் கருவி காட்டுவது டயருக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் அழுத்தத்தின் வித்தியாசத்தை. அதனால் இங்கே 32 அடித்துக்கொண்டு சென்னை போய்ச் சேர்ந்தால், அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். ஆனால் சென்னையில் சூடும் அதிகம், ஏழெட்டு டிகிரி கூடினால் ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறிவிடும். இரண்டும் கழிந்து ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. ஊருக்குப் போனதும் காற்று இறங்கிவிட்டதா, ஏறிவிட்டதா என்று பதற வேண்டியதில்லை. மறுநாள் காலை வண்டி எடுப்பதற்கு முன் ஒரு முறை பார்த்தால் போதும்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் மட்டும் நிரப்பினால் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான் லாபம்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றல்ல

இனி சஸ்பென்ஷன். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளிலும் சின்ன செடான்களிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940களில் வடிவமைத்தது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாகச் சேர்த்து, கீழே சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் ஒரு லோயர் ஆர்மில் பிடித்துக்கொள்வதால் இடமும் குறைவு, செலவும் குறைவு. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு இருக்கும்.

இதில் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடை தாங்குவதில்லை. அதற்குள் எண்ணெய் இருக்கிறது, பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்பிரிங் ஒரு மேட்டில் அமுங்கி மேலே எழும்பும் சக்தியை அது சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. ஷாக் போய்விட்டால் வண்டி கீழே இறங்கிவிடாது, ஆட்டம் நிற்காது. ஒரு மேடு ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். அந்த ஆட்டத்தில் சக்கரம் எழும்பும் ஒவ்வொரு கணமும், நாம் முதலில் பார்த்த 144 சதுர சென்டிமீட்டரில் எடை குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. பிரேக் தூரம் கூடுகிறது. டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத்திட்டாகத் தேய்கிறது, கையால் தடவினாலே தெரியும்.

ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போட்டால் வளைவில் எடை ஒரு பக்கம் சாயாது என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் 1,300 கிலோ காரின் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 148 செ.மீ. இடைவெளி என்று வைப்போம். புவியீர்ப்பில் 0.4 மடங்கு பக்கவாட்டு விசை வரும் அளவுக்கு ஒரு வளைவில் திரும்பினால், 0.4ஐ 55ஆல் பெருக்கி 148ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 15 சதவீதம் வரும், அதாவது 190 கிலோவுக்கு மேல், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் பாடி சாய்வது கண்ணுக்குக் குறையும், ஸ்டீயரிங் பதில் விரைவாகும், உண்மைதான். எடை மாறுவது அப்படியே நடக்கும். எடை மையத்தைத் தாழ்த்தினால்தான் அது குறையும். 3 செ.மீ. தாழ்த்தினால் 190 என்பது 180 ஆகும், அவ்வளவுதான்.

அந்த 3 செ.மீ.க்குக் கொடுக்கும் விலை பெரிது. ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதில் 3 செ.மீ. போய்விட்டால் பள்ளத்தில் இறங்கியதும் ரப்பர் ஸ்டாப்பரில் இடித்துவிடும். இடித்த கணத்திலிருந்து ஸ்பிரிங்கின் வேலை நின்றுபோகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், மெல்ல ஏறி இறங்கும் வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை எப்படி என்று உங்களுக்கே தெரியும். வேகத்தடையும் தோண்டி மூடிய குழியும் நிறைந்த ஊரில் தினமும் ஓட்டும் காரைத் தாழ்த்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மோசமான ரோட்டில் நல்ல ஹேண்ட்லிங் என்பது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறி, தரையை விடாமல் இருப்பது. அதற்கு ஸ்பிரிங் அமுங்க இடம் வேண்டும், ஷாக் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

பெரிய ரிம்முக்கும் இதே பதில்தான். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது ரிம், டயர், பிரேக் எல்லாம் சேர்ந்தது, லேசாக இருந்தால்தான் சக்கரம் ரோட்டின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்ற முடியும். அலாய் என்றாலே லேசு என்று அர்த்தம் இல்லை. 15 அங்குல இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு விலை குறைந்த 17 அங்குல அலாய் போட்டால், டயரோடு சேர்த்துச் சக்கரத்துக்கு மூன்று நான்கு கிலோ கூடிவிடலாம். அந்த எடையை ஒவ்வொரு சிக்னலிலும் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருப்பதால் மைலேஜும் குறையும். பக்கச் சுவர் குறைந்த டயரில் ஒரு கூர்மையான குழி போதும், ரிம் வளைந்துவிடும் அல்லது டயரின் பக்கம் புடைத்துக்கொள்ளும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதே மாடலின் மேல் ரகத்தில் கம்பெனியே கொடுக்கும் ரிம், டயர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரிம்மின் ஆஃப்செட்டும், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதும், அதே அளவில் இருக்கட்டும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பார்க்க அழகாக இருக்கும், பேரிங் சீக்கிரம் போகும்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வண்டி தரை தட்டாமல் உயர்ந்து நிற்கும் என்பதற்காகப் போடுகிறார்கள். அது ஒரு சுற்றை அமுங்கவிடாமல் தடுப்பதால் மற்ற சுற்றுகள் கூடுதலாக உழைக்கின்றன, ஸ்பிரிங் இறுகுகிறது. அந்த இறுக்கத்துக்கு ஏற்ப ஷாக் வடிவமைக்கப்படவில்லை. பின் ஸ்பிரிங் வயதாகித் தாழ்ந்துவிட்டது என்றால் புது ஸ்பிரிங் ஜோடியாகப் போடுவதுதான் சரியான வேலை.

பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர், அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய தன் ஹேட்ச்பேக் நைஸ் ரோட்டில் எண்பதைத் தொட்டாலே இடதும் வலதுமாக அலைகிறது என்று தாழ்வான ஸ்பிரிங் போட முடிவு செய்திருந்தார். சிவாஜி நகரில் எனக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஒரு நீளமான கம்பியை லோயர் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே விட்டு நெம்பினார். விரல் நுழையும் அளவுக்கு ஆர்ம் நகர்ந்தது. “ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு சார். புஷ்ஷப் பாருங்க, கிழிஞ்சு தொங்குது. இத வச்சுக்கிட்டு எந்த ஸ்பிரிங் போட்டாலும் வண்டி அலையத்தான் செய்யும்” என்றார். அப்புறம், வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார், டக் டக் என்று சத்தம் வந்தது. முன் ஷாக் ஒன்றின் மேல் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தது. லோயர் ஆர்ம் புஷ், இரண்டு லிங்க் ராடு, முன் ஷாக் ஒரு ஜோடி, ஸ்ட்ரட் மவுண்ட். இவ்வளவும் மாற்றி அலைன்மென்ட் செய்த பிறகு தாழ்வான ஸ்பிரிங்கை அவரே மறந்துவிட்டார்.

நீங்களும் வீட்டில் ஓரளவு பார்க்கலாம். வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து ஒரே தடவையில் அடங்கினால் ஷாக் பரவாயில்லை, மறுபடி மறுபடி ஆடினால் போய்விட்டது. ஆடாவிட்டாலும் ஷாக் நன்றாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது, அதனால் கசிவையும் டயர் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஷாக் மாற்றினால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது வண்டியாக இருந்து, கம்பெனி ஷாக் மிதக்கிறது என்று தோன்றினால், அதே உயரத்துக்கு நல்ல தரமான, கொஞ்சம் இறுக்கமான ஷாக் மட்டும் போடுவது நியாயமான மேம்பாடு. சஸ்பென்ஷனில் பணம் போட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சஸ்பென்ஷனில் எதைக் கழற்றி மாட்டினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கடையில் கொடுக்கும் தாளில் மூன்று பெயர்கள் இருக்கும். டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு. காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு, வளைத்த பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதற்கு அதுதான் காரணம். மைலேஜையும் டயர் ஆயுளையும் அதிகம் கெடுப்பது டோ. அது தப்பினால் நேராக ஓடும்போதும் டயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். தாளில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வராமல், முன்பு இருந்த எண், பின்பு வந்த எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். புஷ் கிழிந்திருக்கும்போது செய்த அலைன்மென்ட் பத்து நாள்கூட நிற்காது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவமைப்பிலிருந்து விலகும்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே வகைப் பாகத்தைப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை. அளவை மாற்றும் வேலை எதுவானாலும் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது டயர் போட்ட பிறகு முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய வழவழப்பு மேலே இருக்கும், அது தேயும்வரை முழுப் பிடிப்பு வராது, முக்கியமாக மழையில். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் கடைக்கே திரும்பிப் போய் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். அப்படியே ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு மாற்றியிருந்தால், ஸ்டெப்னி இப்போதும் பழைய அளவு என்பதைக் குடும்பத்தில் வண்டி ஓட்டும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.